மடக்கிய கட்டைவிரல்

பிப்ரவரி 9

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் போட்டால் நீ "ம்" என்கிறாய், நான் "சரி" என்கிறேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். ஒன்பதாம் வகுப்பை ஆசை தீராமல் இரண்டு தடவை படித்தவன் நான். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

இங்கே நாங்கள் சுகம். நான்கு ஆலைகளும் சுகம். பழைய ஆலையில் மூன்றாம் நம்பர் மோல்டிங் மெஷின் மட்டும் என்னைப் போலவே காலையில் நன்றாக இருமிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. புது நிறத்தில் ஒரு வாளி போட்டிருக்கிறோம். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, காமாலை வந்த மாதிரி?" என்றாள். டீலர்கள் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். உன் அம்மாவுக்குப் பிடிக்காத பொருள் எல்லாம் வெளியே நன்றாகப் போகும். நான் ஒருவன்தான் போகாத சரக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் டீலர்கள் கூட்டம். சாப்பாட்டு மேசையில் ஒருவர் கேட்டார், "பையன் இப்ப என்ன பண்றாரு?"

"மேற்படிப்பு," என்றேன்.

"மூணு வருஷமாவா?"

"பெரிய படிப்புங்க."

பக்கத்தில் இருந்த இன்னொருவர் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, முன்னால் மலைபோலப் பந்தய வில்லைகள், கையில் சீட்டு. "இவரை 'வாளி இளவரசன்'னு சொல்றாங்க. நம்ம தம்பி மாதிரியே இல்ல?"

நான் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். "ஜாடை இருக்கு. ஆனா இது வேற யாரோ," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. சீட்டு ஆடுகிற பிள்ளையை நினைத்து மூன்று வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவன், பெற்ற பிள்ளையையே "வேற யாரோ" என்று சொன்ன அப்பனை நினைத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

இப்படியே இழுத்தால் நான் பொய் சொல்லியே தீர்ந்துபோவேன். அதனால் வியாபாரிக்கு வியாபாரி ஓர் ஒப்பந்தம். ஏப்ரலில் பெரிய போட்டி இருக்கிறதாமே, உன் மாமா சொன்னார். அதில் நீ ஜெயித்தால், பிறகு ஆலைப் பக்கம் வா என்று உன்னைக் கூப்பிட மாட்டேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் "என் பிள்ளை சீட்டாட்டக்காரன்" என்று நானே சொல்வேன். தோற்றால், ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார். என்ன சொல்கிறாய்?

அம்மா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா, வாளிக்காரன்


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பை இன்னொரு தடவை படித்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

"வேற யாரோ" என்று சொன்னதற்கு வருத்தப்படாதீர்கள். நானும் சும்மா இல்லை. இங்கே யாராவது "உங்கப்பா என்ன செய்றாரு?" என்று கேட்டால், "பிளாஸ்டிக் ஆலையில வேலை பார்க்கிறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முழுப் பொய்யும் இல்லை. உங்களைவிட அங்கே யார் வேலை பார்க்கிறார்கள்? ஆனால் போன வருடம் எவனோ தோண்டி எடுத்துவிட்டான். அதிலிருந்துதான் வாளி இளவரசன். நான் துணிந்து ஆடினால், "அவனுக்கென்ன, தோத்தா அப்பன் வாளியில அள்ளி ஊத்துவாரு" என்கிறார்கள். ஜெயித்தாலும் அதையேதான் சொல்கிறார்கள். வீட்டை விட்டு வந்த பிறகு உங்களிடம் நான் ஒரு காசு வாங்கியதில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

இது எப்படிப்பட்ட ஆட்டம் என்று சொல்கிறேன், கேளுங்கள். கையில் நல்ல சீட்டு இருந்தால் பந்தயத்தை ஏற்றலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும், இருப்பதுபோல ஏற்றலாம். எதிராளி நம்பினால் சீட்டைக் கவிழ்த்துவிடுவான், நடுவில் இருக்கிற வில்லைகள் நமக்கு. நம்பாவிட்டால் "காட்டு" என்பான், நாம் காலி. சீட்டைப் பார்ப்பது கால்வாசி வேலை. மீதி முழுக்க, எதிரில் இருக்கிறவன் உண்மையைச் சொல்கிறானா என்று பார்ப்பதும், நம்மை அவன் பார்க்கவிடாமல் இருப்பதும்தான். நீங்கள் டீலரிடம் "இந்த ரேட்டுக்கு எனக்கே கட்டாது" என்கிறீர்களே, கிட்டத்தட்ட அது.

ஏப்ரல் போட்டியில் நான் ஜெயிக்க வேண்டும் அப்பா. கோப்பைக்காக இல்லை. என் கையால் ஒன்றைச் செய்தேன் என்று ஒரே ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் போதும். அதனால் உங்கள் ஒப்பந்தத்துக்குச் சம்மதம்.

கடைசி நாளில் குடும்பத்துக்கு நாற்காலி போடுவார்கள். அம்மாவும் நீங்களும் வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வாளி, ஆலை, டீலர், இவற்றைப் பற்றி அங்கே யாரிடமும் பேசாதீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்


மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

வருகிறோம். எனக்குக் கோட்டு எடுக்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா. கடைக்காரர் அளவெடுத்துவிட்டு, "சாருக்கு இடுப்புன்னு தனியா எதுவும் இல்லை" என்றார். அவருக்கு உண்மை பேசுகிற வியாதி. கடை ரொம்ப நாள் ஓடாது.

வாளி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. யாராவது தண்ணீர் எதில் பிடிப்பீர்கள் என்று கேட்டால்கூடக் குடத்தில் என்றுதான் சொல்வேன். இது என் சத்தியம்.

அப்பா


ஏப்ரல் 19

அன்புள்ள மகனுக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தோம். உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. நீ கடைசிக் கையில் தோற்றுவிட்டு நேரே அறைக்குப் போய்விட்டாய், எங்களுக்கும் வண்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால் பேச நினைத்ததை எல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

என்ன இடமப்பா அது! ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, காலடிச் சத்தம்கூடக் கேட்காத கம்பளம். ஏசி குளிரில் உன் அம்மா கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு பல்வலிக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எங்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வில்லை உருண்டு வந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தேன். நல்ல கனம், ஓரத்தில் பிசிறே இல்லை. எந்த அச்சு டையில் வார்த்தார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் ஞாபகம் வந்து விழுங்கிவிட்டேன்.

மதியம் வரை நீ ஆடியதைப் பார்த்தேன். சீட்டு எனக்குப் புரியவில்லை. உன் முகம் புரிந்தது. அசையவேயில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள், கடைசியில் நீயும், பல் டாக்டர் என்று சொன்னார்களே, அந்த மனுஷனும் மட்டும். இதையா மூன்று வருடமாக மேற்படிப்பு என்று மூடி வைத்தேன் என்று இருந்தது.

இடைவேளையில் நீங்கள் இருவரும் உள்ளே போனதும், ஒரு பெண் மைக்கோடு எங்களிடம் வந்தாள். அம்மா நைசாக என் பின்னால் ஒளிந்துகொண்டாள். "உங்க மகன் சின்ன வயசிலயே இப்படித்தானா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். வாளி பற்றி மூச்சு விடவில்லை. அதற்குப் பதிலாக உன் பழைய கதையைச் சொன்னேன். ஆறு வயதில் என் மூக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டு, "நான் தொடவேயில்லப்பா" என்று நின்றாயே, அது.

"மூஞ்சியில ஒரு அசைவு இருக்காதும்மா," என்றேன். "ஆனா வலது கைக் கட்டைவிரலை மட்டும் மத்த விரலுக்குள்ள வச்சு மடக்கிக்குவான். அன்னையிலேருந்து நான் மூஞ்சியைப் பார்க்கிறதே இல்லை. நேரா கையைத்தான் பார்ப்பேன்."

"இப்பவுமா சார்?"

"இப்பவும்தான். போன தடவை வந்தப்போ, 'ஒழுங்கா சாப்பிடுறேம்மா'ன்னு அவங்கம்மாகிட்ட சொன்னான். விரல் உள்ளே இருந்துச்சு."

அரங்கமே சிரித்தது. பெரிய திரையில் என் முகம் தண்ணீர்த் தொட்டி அளவுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னைப் பற்றி நான் நாலு பேர் முன்னால் பெருமையாகப் பேசினேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் நீ தோற்றுவிட்டாய். இருக்கட்டும். இரண்டாவது இடம் என்றால் சும்மாவா? அந்தப் பல் டாக்டர்கூட நல்ல மனுஷன்தான். ஆட்டம் முடிந்ததும் கயிற்றைத் தாண்டி என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "உங்களைச் சந்திச்சதுல ரொம்பச் சந்தோஷம் சார்" என்றார். மரியாதை தெரிந்தவர்.

ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்த இதை எழுதவில்லை. ஆனாலும் என் நாற்காலிக்குப் புது உறை போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா


ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கடைசிக் கையில் சீட்டு சரியாக அமையவில்லை, அவ்வளவுதான்.

ஒப்பந்தப்படி ஜூன் முதல் தேதி ஆலைக்கு வந்துவிடுகிறேன். இங்கே அறையைக் காலி செய்ய வேண்டும். அதுவரை எழுத நேரம் இருக்காது.

அம்மாவுக்கு அன்பு.

மகன்


மே 6

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கம்ப்யூட்டரில் அடித்து வந்திருக்கிறது. "கோபம் எதுவும் இல்லை" என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நான் கோபமா என்று கேட்கவே இல்லையே, இவன் ஏன் இல்லை என்கிறான் என்று குழம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமா வந்தார். போட்டியை முழுக்கப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வா மச்சான், பையன் ஆட்டத்தை இன்னொரு தடவை பார்ப்போம் என்று கூப்பிட்டதே நான்தான். காப்பி டம்ளரோடு உட்கார்ந்தேன். என் பேட்டி வந்தபோது எழுந்து சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாமா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லு மச்சான்."

"இதுக்கு முன்னாடி வரைக்கும் அந்த டாக்டர் நம்ம பையன் மூஞ்சியைப் பார்த்துட்டு இருந்தாரு. இடைவேளையில உள்ளே யாரோ அவருக்கு இதைக் காட்டியிருக்காங்க. இதுக்கப்புறம் பாருங்க. மூஞ்சிப் பக்கமே போகல. கையை மட்டும்தான் பார்க்கிறாரு."

பார்த்தேன். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். கடைசிக் கை. உன்னிடம் ஒன்றுமில்லை, நீ எல்லா வில்லைகளையும் நடுவில் தள்ளிவிட்டாய். முகம் கல் மாதிரி. வலது கை மேசைமேல் இருந்தது. விரல்களுக்கு வெளியே கட்டைவிரலைத் தேடினேன். காணவில்லை. அந்த மனுஷன் உன் கையைப் பார்த்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், "காட்டுங்க" என்றார்.

பல் டாக்டர் கேட்காமலேயே நான் வாயை அகலமாகத் திறந்து காட்டியிருக்கிறேன்.

காப்பி ஆறிப்போனது. உன் மாமா சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். அந்த டாக்டர் என் கையை ஏன் குலுக்கினார் என்று இப்போதுதான் புரிகிறது. அதைப் பெருமையாக உனக்கே எழுதி அனுப்பினேனே, அதை நினைத்தால்தான் ரொம்பக் கூசுகிறது. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நேரில் என்றால் கேட்டிருக்க மாட்டேன். நீ தோற்றால் எனக்கு லாபம். ஒப்பந்தம் போட்டதும் நான், வாயைத் திறந்ததும் நான். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்தாயா? நினைத்திருந்தால் உன் மேல் தப்பில்லை. என் கணக்கை வெளியாள் யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பான். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்பதைத் தவிர என் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை. வாளியை மறைக்கிற அவசரத்தில் உன்னைத் திறந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தப் பழக்கம் அவனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?" என்றாள்.

"எங்கேருந்து?"

"பையன் என்ன பண்றான்னு யாராவது கேட்டா, நீங்க ரெண்டு கைக் கட்டைவிரலையும் உள்ளே மடக்கிக்கிட்டுத்தான் மேற்படிப்புங்கிறீங்க. டீலருக்கு ரேட் சொல்றப்பவும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னாடி, பன்னிரண்டாவது பாஸ்னு எங்கப்பாகிட்ட சொன்னப்பவும் பார்த்தேன்."

அப்போதே தெரிந்தும் கட்டிக்கொண்டாளே என்று நன்றி சொல்லலாமா, திட்டலாமா என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். உனக்கு நான்கு ஆலை எழுதி வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் உனக்குக் கொடுத்தது இந்த விரல் போலிருக்கிறது.

ஒப்பந்தம் செல்லாது. ஜூன் முதல் தேதி வராதே. புது உறை போட்ட நாற்காலியில் நானே உட்கார்ந்துகொள்கிறேன், அது நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று அந்த டீலரைக் கூப்பிட்டு, "போன்ல நீங்க காட்டினது என் பையன்தான். சீட்டாட்டக்காரன்" என்று சொல்லிவிட்டேன். "அதான் எனக்கு அப்பவே தெரியுமே" என்றார். ஊருக்கே தெரிந்ததை நான் ஒருவனாக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ எதிரில் நின்று சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கடிதத்தில் கட்டைவிரல் தெரிவதில்லையப்பா.

அப்பா


மே 25

அப்பாவுக்கு,

கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது.

வேண்டுமென்றே செய்தீர்கள் என்றும் நினைத்தேன். அந்த டாக்டர் என் கையைக் குலுக்கி, "உங்கப்பா ரொம்ப நல்லவரு" என்றார். அறைக்குப் போய் உங்கள் பேட்டியைப் பார்த்தேன். இவ்வளவு சரியாக, இவ்வளவு சிரித்துக்கொண்டே ஒருவர் தெரியாமல் செய்ய முடியுமா என்று நினைத்தேன். கண்ணாடி உடைத்த கதையைச் சொல்லும்போது உங்கள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகும் நினைத்தேன். நீங்கள் என்னை "வேற யாரோ" என்று சொன்னதைவிட இது மோசம். உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகியும் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. இதை எழுதக் கூச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் ஒரு சின்னப் போட்டிக்குப் போனேன். உங்கள் பேட்டி அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நல்ல சீட்டு வந்தது. எல்லா வில்லைகளையும் தள்ளிவிட்டு, வேண்டுமென்றே கட்டைவிரலை மடக்கினேன். மூன்று பேர் அந்த விரலை நம்பி "காட்டு" என்றார்கள். மூன்று பேரும் காலி. ஜெயித்துவிட்டேன் அப்பா. கை தட்டினார்கள். ஒருவர்கூட வாளி என்று சொல்லவில்லை. இதைத்தானே கேட்டேன்?

கோப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். என் உடம்பில் பொய் சொல்லத் தெரியாத இடம் அது ஒன்றுதான் இருந்தது. அது உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த இடம். நீங்கள் அதை ஊருக்குக் காட்டினீர்கள், நான் அதற்கும் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டேன். இனிமேல் நான் எதிரில் வந்து நின்றால்கூட உங்களுக்குத் தெரியாது. வாயால்தான் சொல்லியாக வேண்டும். நம் இரண்டு பேருக்கும் அதுதான் வராத வித்தை.

நாற்காலிக்கு வரவில்லை. ஆட்டத்தை விடவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், சண்டை போட. மேற்படிப்பில் ஆரம்பித்துப் பேட்டி வரைக்கும் வரிசையாகப் போட வேண்டும். அம்மாவிடம் சமைக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இதைக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பேனா பிடிக்கிற கையில் கட்டைவிரலை மடக்க முடியவில்லை.

உங்கள் மகன்